பிரான்சுக்குப் புதிதாக வந்த புதுச்சேரி, கடலூர்க் குடும்பங்களுக்கு: மனநல ஆலோசனை தனியாகவா, சேர்ந்தா?

வந்த புதிதில் கார்த் வித்தால் (மருத்துவக் காப்பீட்டு அட்டை), வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி என்றே நாள் ஓடும். தூக்கம் கெட்டதையும், புருஷன் பெண்டாட்டி பேச்சு குறைந்ததையும் "போகப் போகச் சரியாகிடும்" என்று விட்டுவிடுகிறோம். விடாதீர்கள்.

முதலில் தனியாகப் போங்கள். 'மொன் சூத்தியான் ப்சி' என்ற அரசு மனநல ஆலோசனைத் திட்டத்தில் வருடத்துக்கு 12 அமர்வுகள் வரை உண்டு. ஒன்றுக்கு 50 யூரோ, அதில் 60 சதவீதத்தை அரசுக் காப்பீடு ஏற்கும். 2024 முதல் டாக்டர் சீட்டும் தேவையில்லை. சேஎம்பே என்ற அரசு மனநல மையங்களில் இலவசம். ஆனால் காத்திருக்க வேண்டிவரும், சீக்கிரமே பெயர் கொடுத்துவையுங்கள்.

தனி ஆலோசனை மட்டும் நம் குடும்பங்களுக்குப் பல நேரம் போதாது என்பது என் கருத்து. சிபிடி என்ற, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை முறையில், "அம்மா போன் எடுக்கலை, என்மேல் கோபம்தான்" என்ற எண்ணம் சரியா என்று நீங்களே சோதித்துப் பார்க்கப் பழகுவீர்கள். அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் என்றால்? மாதம் எவ்வளவு அனுப்புவது, முத்தியால்பேட்டை வீட்டை யார் பார்ப்பது என்பதெல்லாம் ஒருவர் மட்டும் மனதை மாற்றித் தீராது. அங்கேதான் குடும்ப சிகிச்சை வேண்டும். குடும்ப சிகிச்சை நிபுணர் சால்வடோர் மினுச்சின் வளர்த்த முறையில், வீட்டில் யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதையே கவனிப்பார்கள். மனைவியிடம் கேட்ட கேள்விக்குக் கணவர் பதில் சொன்னால், "அவங்களே சொல்லட்டும்" என்று நிறுத்துவார்கள். சில நேரம் அந்த ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கும்.

பிரெஞ்சு தெரிந்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அப்பா அம்மா சண்டையைத் தன் வாயால் சொல்லும் பாரம் அதற்கு வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: "நான் தனியாகச் சொன்னதைச் சேர்ந்து உட்காரும்போது சொல்வீர்களா?" இது தெளிவாகாமல் இரண்டையும் கலக்கக் கூடாது. இரண்டு ஆலோசகர்கள் என்றால், அவர்கள் தங்களுக்குள் எதைப் பேசலாம் என்று நீங்கள்தான் அனுமதிக்க வேண்டும்.

வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் சேர்ந்து உட்காரவே வேண்டாம். பெண்கள் 3919-ஐ அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 3114, இரவு பகல் எந்நேரமும்.

ஊரில் இருப்பவர்களை வீடியோவில் சேர்க்க ஆலோசகர் சம்மதித்தால் நேரத்தைப் பாருங்கள்: இங்கே மதியம் 3 மணி, அங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அவர்களுக்கும் தனியாகப் பேச ஆள் வேண்டுமென்றால், இந்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.