வேளாண் வணிகம் படிக்க ஆசையா? இங்கிருந்து தொடங்குங்கள்

“விவசாயம் படிக்கப் போறேன்” என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். “தாத்தா தோட்டத்துல பட்ட பாடு போதாதா?” என்றுதான் முதல் கேள்வி வரும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பத்தில் அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் வேளாண் வணிகம் மண்வெட்டி பிடிக்கும் படிப்பு இல்லை. விளைந்த பொருள் வாங்குபவர் கைக்குப் போய்ச் சேரும்வரை அதோடு ஓடும் விலை, கடன், லாரி, ஒப்பந்தம், ஏற்றுமதி எல்லாம்தான் பாடம்.

படி 1: ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

விண்ணப்பம் செய்யும் முன் இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிய வேண்டும். கோலாலம்பூர்க்காரர்கள் விடியற்காலையில் செலாயாங் மொத்தச் சந்தைக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஒரே ஒரு காயைத் தேர்ந்தெடுத்து, அங்கே என்ன விலை, உங்கள் தாமான் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) என்ன விலை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இந்தக் கணக்கு. எண்கள் பயிற்சிக்காக நான் போட்டவை. மிளகாய் 100 கிலோ, கிலோ 6 ரிங்கிட்டுக்கு வாங்குகிறீர்கள்: 600. லாரி வாடகையும் இறக்குகூலியும் 80. ஆக 680. கிலோ ஏழரை ரிங்கிட்டுக்கு விற்றால் 70 ரிங்கிட் லாபம் என்று தோன்றும். மூட்டையைப் பிரித்தால் அடியில் 12 கிலோ நசுங்கி அழுகிக் கிடக்கிறது. மிச்சம் 88 கிலோவுக்கு 660 ரிங்கிட்தான் கிடைக்கும். லாபம் போய் 20 ரிங்கிட் நட்டம்! போட்ட முதலை எடுக்கவே கிலோ 7.73-க்கு விற்றாக வேண்டும். அழுகலைத் தவிர்க்கக் குளிரூட்டிய லாரி எடுக்கலாம், வாடகை ஏறும். எவ்வளவு ஏறினால் கட்டுப்படியாகும்? இதற்கு விடை கண்டுபிடிக்கக் கை பரபரக்கிறதா? அப்படியென்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: பாடங்கள்

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட் வேண்டும், வரலாற்றில் தேர்ச்சி வேண்டும். கணிதத்தைக் கைவிடாதீர்கள். அதன் பிறகு ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா மூன்றுமே பட்டப்படிப்புக்கு வழிதான். ஆறாம் படிவம் போகிறவர்களுக்குப் பொருளியல் பெரிய துணை. பல்கலைக்கழக நுழைவுக்கான மூவெட் ஆங்கிலத் தேர்வைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள்.

படி 3: பல்கலைக்கழகம்

முதலில் பார்க்க வேண்டியது செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகம். 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971-இல் பல்கலைக்கழகமாகி, 1997-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. வேளாண் வணிகத்துக்கென்றே அங்கே பட்டப்படிப்பு இருக்கிறது. பினாங்குப் பிள்ளைகள் கெடாவின் சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தையும் பார்க்கலாம். தனியார் கல்லூரி என்றால், பணம் கட்டும் முன் அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பு) பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். விளம்பரத்தில் பச்சை வயல் படம் எல்லோரும்தான் போடுகிறார்கள்.

பாடத்திட்டத்தில் விலைப் பகுப்பாய்வு, வேளாண் நிதி, புள்ளியியல் மூன்றும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அவை இல்லாமல் ‘தொழில்முனைவு’ மட்டும் நிறைய இருந்தால் யோசியுங்கள்.

படி 4: விண்ணப்பம்

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. என்ற பொது விண்ணப்ப முறை வழியாகத்தான். இடம் கொடுக்கப் பார்க்கும் மெரிட் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்தப் பத்தைக் கோட்டை விடுகிறவர்கள் நம்மில் அதிகம்; சான்றிதழ்களை இப்போதே ஒரு கோப்பில் சேருங்கள். செலவுக்கு அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் இருக்கிறது.

படி 5: வேலை எங்கே?

செம்பனைதான் பெரிய களம். தோட்டத்தில் உதவி மேலாளராகப் போகலாம். வெயிலும் தனிமையும் ஒத்துவராதவர்களுக்குத் தலைநகரிலேயே வேலை உண்டு. புர்சா மலேசியா சந்தையில் கச்சா செம்பனை எண்ணெய் முன்பேர ஒப்பந்தம் (பின்னொரு நாளில் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசிக்கொள்வது) ஒன்று 25 டன். விலை டன்னுக்கு 100 ரிங்கிட் இறங்கினால், வாங்கி வைத்தவருக்கு ஒப்பந்தத்துக்கு 2,500 ரிங்கிட் நட்டம். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணித்துச் சொல்பவருக்கு வங்கியிலும் தரகு நிறுவனத்திலும் இடமிருக்கிறது. நீடித்த செம்பனை உற்பத்திக்கான எம்.எஸ்.பி.ஓ. தரச்சான்று 2020 முதல் கட்டாயமானதால் தணிக்கையாளர்களும் தேவைப்படுகிறார்கள்.

பழம் பக்கம் வந்தால் டுரியான். முழுப் பழத்தை உறைய வைத்து சீனாவுக்கு அனுப்ப 2019-இல் வழி திறந்தது. 2024-இல் புதுப்பழத்துக்கும் அனுமதி கிடைத்தது. புதுப்பழம் நாள் கணக்கில் கெட்டுவிடும். தோட்டப் பதிவு, பூச்சிச் சோதனை, விமானச் சரக்கு இவற்றை ஒரு நாள்கூடப் பிசகாமல் கோத்துக் கொடுக்க ஆள் வேண்டும். பினாங்கின் பாலிக் பூலாவில் உறவினருக்கு டுரியான் தோப்பு இருந்தால், விடுமுறையில் போய்ப் பழம் தரம் பிரிப்பதைப் பாருங்கள்.

அரசாங்கப் பக்கம் 1965-இல் தொடங்கிய ஃபாமா என்ற வேளாண் சந்தை வாரியம் சந்தைப்படுத்தலைப் பார்க்கிறது. விவசாயக் கடனுக்கு அக்ரோபேங்க் வங்கி. தொழிற்பயிற்சிக்கு எங்கே போனாலும், கொள்முதல் அல்லது கடன் பிரிவில் உட்கார வைக்கும்படி கேளுங்கள். கேட்காவிட்டால் ஃபோட்டோஸ்டாட் எடுக்கும் வேலைதான் கிடைக்கும்.