தொழிலுக்கென்று முதல் கமரா வாங்குவது எப்படி? யாழ்ப்பாணத்தில் தொடங்குபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் புகைப்படத்தை நம்பித் தொழில் தொடங்குபவருக்கு வரும் முதல் வேலை பெரும்பாலும் ஒரு வீட்டு விசேஷம்தான். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, நெருங்கிய உறவில் ஒரு கலியாணம். இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. வெளிச்சம் போதாது, இடம் போதாது, நடந்தது திரும்ப நடக்காது. தாலி ஏறும் கணத்தைத் தவறவிட்டால், மாப்பிள்ளையிடம் இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. ஆகவே முதல் கமராவை இந்த மூன்று நெருக்கடிகளையும் மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக் கண்ணாடிக்குள் மின்னுகிற மாதிரியில் தொடங்கினால் பணம் போகும், வேலையும் தடுமாறும்.

படி 1: என்ன வேலை என்று எழுதிக்கொள்ளுங்கள்

அடுத்த ஓராண்டில் உங்களுக்கு வரக்கூடிய வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஆசைப்படும் வேலைகளை அல்ல, வரக்கூடியவற்றை. கடைகளுக்குப் பொருட்களின் படம், அடையாள அட்டைப் படம் என்றால் எந்தச் சாதாரணக் கமராவும் போதும்; அங்கே விளக்குகள்தான் முக்கியம். நல்லூர்த் தேர், தீர்த்தம் போன்றவை உங்கள் இலக்கு என்றால் தூரத்தை நெருக்கிக் காட்டும் லென்ஸ் வேண்டும். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை, வெளி வீதியில் சனத்திரளுக்குப் பின்னால் நின்றுதான் எடுக்க வேண்டியிருக்கும். கோட்டை, காரைநகர் கசூரினா கடற்கரை என்று மணமக்களை அழைத்துப்போய் எடுக்கும் வெளிப்புறப் படங்களுக்கு மாலை வெளிச்சமே பாதி வேலையைச் செய்துவிடும். கலியாணமும் சடங்கும்தான் கமராவிடம் மிக அதிகமாகக் கேட்பவை. இனி எழுதுவது முக்கியமாக அவற்றை நினைத்து.

படி 2: பணத்தை முதலே பிரித்துவிடுங்கள்

கையிலுள்ள பணத்தைப் பத்துப் பங்காக வையுங்கள். நான்கு கமராவுக்கு, நான்கு லென்ஸுக்கு, மீதி இரண்டு ஃபிளாஷ், மெமரி கார்ட், மேலதிக பற்றரி ஆகியவற்றுக்கு. கமரா விலைகள் டொலரோடு ஏறி இறங்குவதாலும் 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி சேருவதாலும் ரூபாக் கணக்கை விடப் பங்குக் கணக்கே நிலைத்து நிற்கும்.

பத்தில் ஒன்பது பங்கைக் கமராவில் போட்டுவிட்டு, அதோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸோடு (இந்த எண் சிறிதானால் அகலமாகவும் பெரிதானால் நெருக்கமாகவும் காட்டும்) கலியாண வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் பொறுப்பதில்லை. நான்கைந்து ஆண்டில் கமரா பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் அடுத்த கமராவிலும், அதற்கடுத்ததிலும் உழைக்கும்.

படி 3: இரண்டு நிபந்தனைகளில் விட்டுக்கொடுக்காதீர்கள்

முதலாவது, வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் சென்சரின் அளவு. முழுச் சட்டம் எனப்படும் ஃபுல் ஃபிரேம் சென்சர் 36 × 24 மி.மீ. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சர் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ.; கெனனில் இன்னும் கொஞ்சம் சிறியது. பெரிய சென்சர் மங்கிய வெளிச்சத்தில் துல்லியமாக எடுக்கும், ஆனால் லென்ஸ்களின் விலையும் எடையும் கூடும். தொடங்குபவருக்கு ஏபிஎஸ்-சி தாராளமாகப் போதும். அதைவிடச் சிறியதற்குக் கலியாண வேலைக்காகப் போகாதீர்கள்.

மெகாபிக்சலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் (ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளி). 12 × 18 அங்குல ஆல்பப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிடத் தேவைப்படுவது 3600 × 5400 புள்ளிகள், அதாவது 20 மெகாபிக்சலுக்கும் சற்றுக் குறைவு. இன்று விற்கும் ஏறக்குறைய எல்லாக் கமராவிலும் 20 அல்லது அதற்கு மேல் இருக்கிறது.

இரண்டாவது, இரண்டு மெமரி கார்ட் போடும் வசதி. ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்ட்டிலும் பதிய வேண்டும். கார்ட் பழுதாவது அபூர்வம்தான், ஆனால் பழுதாகும் நாள் ஒருவருடைய கலியாண நாளாக இருந்தால் அதற்கு ஈடே கிடையாது. நிக்கொன் டி 7200, டி 750, இசட் 5, சோனி ஏ 7 மார்க் 3, கெனன் ஆர் 7 ஆகியவற்றில் இரண்டு போடலாம். நிக்கொன் டி 7500, கெனன் 6டி மார்க் 2, ஆர் 10, ஆர் 50, சோனி ஏ 6400 ஆகியவற்றில் ஒன்றுதான். இரண்டாவது வரிசையில் உள்ளவையும் நல்ல கமராக்களே. பிறந்தநாளுக்கும் வெளிப்புறப் படத்துக்கும் அவை போதும். கலியாணத்தை முழுப் பொறுப்பெடுத்துச் செய்ய மட்டும் அவற்றை நம்பாதீர்கள்.

படி 4: கண்ணாடி உள்ளதா, இல்லாததா?

உள்ளே கண்ணாடி (மிரர்) வைத்த டிஎஸ்எல்ஆர் வகையில் கெனனும் நிக்கொனும் 2020-க்குப் பிறகு புதிய உயர்நிலைக் கமரா எதையும் கொண்டுவரவில்லை. எதிர்காலம் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம்தான். அது ஓடித்திரியும் குழந்தையின் கண்ணைத் தானாகப் பிடித்துக் கவனம் குவிக்கும், படம் எப்படி வரும் என்பதை எடுப்பதற்கு முன்னரே காட்டும். தொடங்குபவருக்கு இவை பெரிய உதவி.

ஆனால் கை இறுக்கமாக இருந்தால் பழைய டிஎஸ்எல்ஆர் இன்னும் சோறு போடும். அதன் லென்ஸ்கள் பாவித்த நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. பற்றரியும் நீண்ட நேரம் தாங்கும்: ஒரு பற்றரியில் டி 750 ஏறத்தாழ 1,230 படம் எடுக்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு; மிரர்லெஸ் ஏ 6400-இல் அது 400 அளவில் நின்றுவிடும். மிரர்லெஸ் வாங்கினால் குறைந்தது மூன்று பற்றரிக்குக் காசு ஒதுக்குங்கள்.

படி 5: லென்ஸ்

இங்கேதான் அவசரப்படாமல் நிற்க வேண்டும்.

கமராவோடு வரும் 18-55 லென்ஸை 55-க்குத் திருகினால் அதன் வாய் எஃப் 5.6 அளவுக்குமேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய வாய் அகலும்). அந்த வெளிச்சத்தில், வெளிச்சத்தை உள்ளே விடும் கதவான ஷட்டரை 1/50 நொடிக்குத் திறந்துவைத்தால்தான் படம் விழும் என்று வையுங்கள். அறுகரிசி போடும் கை கலங்கிவிடும். அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/200 நொடியே போதும், படத்தில் கை அசையாமல் நின்றுவிடும். எஃப் 1.8 என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு.

ஏபிஎஸ்-சி கமராவுக்கு முதல் லென்ஸாக நான் சொல்வது 17-50 எஃப் 2.8. சிக்மா, டாம்ரன் இரண்டும் டிஎஸ்எல்ஆருக்கு இதைச் செய்தன. மிரர்லெஸ்ஸுக்குச் சிக்மாவின் 18-50 எஃப் 2.8 உண்டு, சோனிக்கு 2021-இலும் கெனனின் ஆர்எஃப் வகைக் கமராவுக்கு 2024-இலும் வந்தது. நம் வீடுகளில் பொன்னுருக்கல் நடக்கும் அறைக்குள் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் எல்லோரும் சட்டத்துக்குள் வர 17 அல்லது 18 மி.மீ. வேண்டும்.

50 மி.மீ. எஃப் 1.8 மலிவானது, அழகானது, எல்லோரும் முதலில் வாங்கச் சொல்வது. அதை இரண்டாவதாக வாங்குங்கள். ஏபிஎஸ்-சி-யில் அது 75 அல்லது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். மணப்பெண்ணின் முகத்துக்கு அருமை. ஆனால் அறைக்குள் குடும்பப் படம் எடுக்க நீங்கள் முற்றத்துக்கு இறங்க வேண்டியிருக்கும்.

நிக்கொன் டி 3500, டி 5600 போன்ற சிறிய கமராக்களில் லென்ஸைச் சுழற்றும் மோட்டார் இல்லை. தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மலிவாகக் கண்டு வாங்கினால் அவற்றில் தானாகக் குவியாது.

படி 6: உங்களுக்கு இரவல் தரக்கூடியவர் என்ன வைத்திருக்கிறார்?

கெனனா, நிக்கொனா, சோனியா என்ற வாதத்தை நம் ஊரில் முடித்துவைப்பது இந்தக் கேள்விதான். நீங்கள் உதவிக்குப் போகும் அண்ணை, பக்கத்து ஸ்ரூடியோக்காரர், கூடப் படித்த நண்பர் ஆகியோர் எந்த நிறுவனத்தின் கமரா வைத்திருக்கிறார்களோ அதையே வாங்குங்கள். முகூர்த்த மாதத்தில் ஒரு பற்றரி, ஒரு ஃபிளாஷ், ஒரு 70-200 லென்ஸ் அவசரத்துக்கு வேண்டும்போது அவர்கள் கையில் இருப்பது உங்கள் கமராவில் பொருந்த வேண்டும். பெரிய பழுதென்றால் கொழும்புக்கு அனுப்ப வேண்டி வரலாம். அந்த நாட்களிலும் உங்களைக் காப்பாற்றுவது இந்த உறவுதான். கெனன், நிக்கொன், சோனி மூன்றும் இன்று செய்யும் படத்தின் தரத்தில், ஆல்பம் பார்க்கும் எவரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்.

படி 7: பாவித்தது வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பகலில் போங்கள். உங்கள் சொந்த மெமரி கார்ட்டையும் ஒரு சிறிய டோர்ச்சையும் கொண்டுபோங்கள்.

லென்ஸைக் கழற்றி, அதன் ஒரு முனையில் டோர்ச்சைப் பிடித்து மறுமுனையால் சரித்துச் சரித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் மெல்லிய நூல் பின்னியதுபோல் ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம். கடலால் சூழப்பட்ட குடாநாட்டில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு, அலுமாரிக்குள் மூடிவைத்த லென்ஸுக்கு இது எளிதாக வரும். சிறு புள்ளி என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள். நீங்கள் வாங்கும் லென்ஸையும் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

அடுத்து, லென்ஸின் வாயை எஃப் 16-க்குக் குறுக்கி, வெள்ளைச் சுவரைக் கவனம் குவிக்காமல் ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் சென்சரில் உள்ள தூசு கரும்புள்ளியாகத் தெரியும். தூசு துடைத்தால் போகும். துடைத்தும் போகாத கோடு தெரிந்தால் அது கீறல்.

ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று பாருங்கள். நிக்கொனில் புதிதாக எடுத்த படத்தின் தகவலிலேயே அந்த எண் பதிந்திருக்கும். கெனனில் பெரும்பாலும் கணினியோடு இணைத்து ஒரு மென்பொருளால்தான் பார்க்க முடியும். படக் கோப்பின் பெயரில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், அதைப் புதிதாகத் தொடங்கவைக்கலாம். டி 750, டி 7200 ஆகியவற்றின் ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கடைசியாக, கடையின் இருண்ட மூலையில் ஒருவரை நிறுத்தி, உங்களை நோக்கி நடந்துவரச் சொல்லித் தொடர்ச்சியாகப் படம் எடுங்கள். எத்தனை படத்தில் கண் தெளிவாக இருக்கிறது என்பதே அந்தக் கமராவின் உண்மையான விலை.

படி 8: வெளிநாட்டிலிருந்து வருவதென்றால்

கனடாவிலிருந்து மாமா வருகிறார், கமரா கொண்டுவருவார் என்பது இங்கே பல வீடுகளில் நடப்பது. நல்லதுதான். உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்கு வெளியே செல்லுமா என்று முதலே கேட்டு வையுங்கள். யப்பானில் உள்நாட்டு விற்பனைக்கென்று செய்த பல சோனி கமராக்களில் யப்பான் மொழி மட்டுமே இருக்கும், பின்னர் மாற்ற முடியாது. கொண்டுவருபவரிடம் கட்டாயம் ரசீது வாங்கி வரச் சொல்லுங்கள்.

படி 9: முதல் வேலைக்கு முன்

நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே மண்டபத்து மலிவான எல்ஈடி விளக்குகள் பல நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, 1/400 நொடியில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டையாக விழும். இந்த விளக்குகளின் கீழ் 1/100 அல்லது 1/50 நொடியில் எடுத்துப் பழகுங்கள். புதிய கமராக்கள் பலவற்றில் இதைச் சமாளிக்கும் ஆன்டி ஃபிளிக்கர் அமைப்பு உண்டு. அதைத் தேடிப் போட்டு வையுங்கள்.

ஃபிளாஷை முகத்தில் நேராக அடிக்காமல் வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்புவது நல்ல வழி. ஆனால் நிறத்துணி கட்டிய பந்தலில் மேலே அடித்தால் அந்தத் துணியின் சிவப்போ மஞ்சளோ மணப்பெண்ணின் முகத்தில் இறங்கிவிடும். அங்கே ஃபிளாஷின் முன் ஒரு சிறிய வெள்ளை அட்டையைப் பொருத்தி அடியுங்கள்.

முதலில் இரண்டு மூன்று விசேஷங்களுக்கு அனுபவமுள்ள ஒருவரோடு இரண்டாவது ஆளாகப் போங்கள். தனியாகப் பொறுப்பெடுக்கும் முதல் வேலை முடிந்த இரவே, தூங்கப் போகுமுன், படங்களைக் கணினியிலும் ஒரு வெளி வன்தட்டிலும் இறக்குங்கள். ஆல்பம் வீட்டாரின் கைக்குப் போகும்வரை இரண்டு கார்ட்டில் ஒன்றையாவது அழிக்காமல் எடுத்து வையுங்கள்.