கேம் ஆடும்போது லேப்டாப் ஃபேன் இரைச்சலைக் குறைக்க
கேமின் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஃப்ரேம் ரேட்டுக்கு, அதாவது நொடிக்கு எத்தனை படம் (ஃப்ரேம்) வரையப்படுகிறது என்பதற்கு, ஓர் உச்சவரம்பு வையுங்கள். உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் 60 போதும். கேமில் அந்த வசதி இல்லையா? என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் கண்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' என்று இருக்கும், அதில் மாற்றலாம்.

60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். கிராஃபிக்ஸ் கார்டு 200 ஃப்ரேம் வரைந்து தள்ளினாலும் மிச்சமெல்லாம் வீண் உழைப்பு, வீண் சூடு. இது நன்றாகத் தெரிவது மெனு திரையில்தான். சும்மா நாலு பட்டன்தான் இருக்கும், ஆனால் கார்டு அதையே நூற்றுக்கணக்கான தடவை வரைந்துகொண்டிருக்கும், ஃபேன் அலறும். வரம்பு வைத்ததும் அடங்கிவிடும். மின்சாரமும் மிச்சம்.

திரை 144 ஹெர்ட்ஸாக இருந்தாலும், நிதானமாக ஆடும் கதை கேம்களுக்கு நான் 60தான் வைப்பேன்.

போட்டி போட்டு ஆடும் ஷூட்டர் கேம்களுக்கு மட்டும் இது வேண்டாம். அங்கே ஃப்ரேம் கூடக்கூட மவுஸ் அசைவு திரைக்கு வரும் தாமதம் குறையும். அப்புறம், கேம் ஏற்கெனவே 40ஐத் தாண்டாமல் திணறுகிறது என்றால், 60இல் வரம்பு வைத்து எந்த மாற்றமும் இருக்காது.