எலும்பு கூடியும் குதிகால் எரிகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குதிகால் எலும்பு உடைந்து, பிளேட் வைத்து அறுவை செய்துகொண்டவர்களிடம், “எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, இனி வலிக்கக் காரணமே இல்லை” என்பார்கள். வீட்டுக்கு வந்தால் போர்வை நுனி பட்டாலே பாதம் எரியும். எக்ஸ்ரேயில் பிளேட் தெரியும், ஸ்குரூ தெரியும், நரம்பு தெரியாது. அந்தப் படத்தை நம்பி வலியை மனப்பிரமை என்று ஒதுக்குவதுதான் முதல் தவறு.

அடுத்தது, “காலெல்லாம் வலிக்கிறது” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது. சாரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்த பெயின்டர் ஒருவரும் அப்படித்தான் சொன்னார். வெளிக்கணுக்காலுக்குப் பின்னால், தழும்பின் மேல்முனையை ஒற்றை விரலால் மெல்லத் தட்டினேன். “சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடிக்கிறது” என்று காலை இழுத்துக்கொண்டார். குதிகாலில் பிளேட் வைக்க வெளிப்பக்கம் ‘எல்’ வடிவில் கீறும்போது, அந்தக் கீறலின் இரு முனைகளையும் ஒட்டிச் செல்வது சூரல் நரம்பு. அது தழும்பில் சிக்கினால் பாதத்தின் வெளியோரம் மரக்கும், எரியும். எரிச்சல் உள்ளங்காலில் என்றால் உள்கணுக்காலுக்குக் கீழே செல்லும் டிபியல் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இடம் மாறினால் வைத்தியமும் மாறும்.

மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். நரம்பு வலி அதற்குப் பெரிதாக மசியாது. பிரீகாபலின், காபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்துகளை மருத்துவர் எழுதித் தந்தால், நாலு நாளில் பலனில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். அளவை மெல்ல ஏற்றிச் சில வாரம் பார்க்க வேண்டும். நிறுத்துவதும் அப்படியே, படிப்படியாக. ‘நரம்புச் சத்து’ மாத்திரையால் தழும்பில் சிக்கிய நரம்பு விடுபடாது.

மரத்த காலை வெந்நீரில் வைப்பது எனக்கு மிகவும் கோபமூட்டும் தவறு. சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும் வேண்டாம். புண் முழுதும் ஆறிய பின் பஞ்சு, பிறகு பருத்தித் துணி, பிறகு சொரசொரப்பான துண்டு என்று நாளுக்குச் சில நிமிடம் தடவித் தோலைப் பழக்குங்கள். பின்பக்கம் உராயும் செருப்பை மாற்றுங்கள்.

மறு அறுவைக்கு அவசரப்படுவதும் தவறே. அடிபட்ட நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். 15 சென்டிமீட்டருக்கு ஐந்து மாதம். அறுவை என்று முடிவெடுக்குமுன் அந்த நரம்பருகே மரக்கும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். வலி சில மணி நேரம் அடங்கினால் அந்த நரம்புதான் காரணம். அடங்காவிட்டால் உறுத்தும் ஸ்குரூவோ, குதிகால் மூட்டுத் தேய்மானமோ இருக்கலாம்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. பாதம் முழுதும் வீங்கி, நிறம் மாறி, அந்தப் பாதம் மட்டும் வியர்த்து, காற்றுப் பட்டாலே துடிக்கிறது என்றால் அது சிஆர்பிஎஸ் என்னும் வலிநோயாக இருக்கலாம். அடுத்த பரிசோதனைத் தேதி வரை பொறுக்காமல் அந்த வாரமே காட்டுங்கள்.