தொப்பிக் கோட்டுக்குக் கீழேதான் அலங்காரம்: பட்டமளிப்பு விழாவுக்குத் தலைவாரும் முறை

பட்டமளிப்பு விழாவுக்குத் தலை வாரும்போது பலரும் கல்யாண ரிசப்ஷனை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். முன்னால் ஒரு பஃப், உச்சியில் கொண்டை, அதைச் சுற்றிப் பூ. மண்டப வாசலில் தொப்பியைக் கையில் கொடுத்ததும் எல்லாம் நசுங்கிவிடும். நசுங்காவிட்டால் இன்னும் மோசம்: குடத்தின் மேல் தாம்பாளம் கவிழ்த்ததுபோல் தொப்பி தலைக்கு மேலே நிற்கும், பட்டம் வாங்கக் குனிந்ததும் கீழே விழும்.

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: உங்கள் கல்லூரியில் தொப்பி உண்டா? 2010இல் போபாலில் நடந்த ஒரு பட்டமளிப்பு விழா மேடையிலேயே அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அங்கியைக் கழற்றினார். இது காலனி ஆட்சியின் மிச்சம் என்றார். இன்று அங்கியும் தொப்பியும் இல்லாமல் அங்கவஸ்திரமோ சால்வையோ மட்டும் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. உங்களுடையது அப்படி என்றால் இந்தக் கட்டுரை தேவையில்லை, பஃப் வைத்துக்கொள்ளலாம்.

தொப்பி உண்டு என்றால், முதலில் அது தலையில் எங்கே உட்காரும் என்று பார்க்க வேண்டும். மேலே இருக்கும் சதுரப் பலகை பக்கத்துக்கு ஏறத்தாழ 23, 24 செ.மீ. அது தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பின்னால் சாயக் கூடாது. முன்பக்க விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை. பக்கவாட்டில் காதுகளுக்குச் சற்று மேல். எலாஸ்டிக் இருக்கும் பக்கம் பின்னால் வரும். மண்டையின் பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பை ஒட்டி அது பிடிக்கும். இந்த வழியே ஒரு ரிப்பனைத் தலையைச் சுற்றிக் கட்டிப் பாருங்கள். அதுதான் தொப்பிக் கோடு. கோட்டுக்கு மேலே முடி தட்டையாகப் படிந்திருக்க வேண்டும்: கிளிப், முடிச்சு, ரப்பர் பேண்ட், மேடு எதுவும் கூடாது. அழகெல்லாம் கோட்டுக்குக் கீழே. கொண்டை போட்டால் அதன் மேல்விளிம்பு கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருக்கட்டும். கோட்டை ஒட்டி இருந்தால், தலையை நிமிர்த்தும்போதெல்லாம் கொண்டை தொப்பியைக் கீழிருந்து நெம்பித் தள்ளும். தொப்பி நழுவுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஹேர்பின் போதாததல்ல.

கல்லூரியில் தலைச் சுற்றளவு கேட்டால், விழாவுக்கு எப்படி வாரப்போகிறீர்களோ அப்படி வாரிய பிறகு அளந்து சொல்லுங்கள். அடர்த்தியான முடி சுற்றளவில் ஒன்றிரண்டு செ.மீ. கூட்டிவிடும். எல்லாருக்கும் ஒரே அளவு எலாஸ்டிக் தொப்பி தருவார்கள் என்றால் அளவு உங்கள் கையில் இல்லை. அப்போது பின்னும் பின்னலும்தான் காப்பாற்ற வேண்டும். ஒத்திகைக்குத் தொப்பி கிடைக்காது. ஷவர் கேப்பின் மேல் 24 செ.மீ. சதுர அட்டையை டேப் போட்டு ஒட்டினால் போதும்.

நீளமான முடிக்கு நம்பகமானவை இரண்டு: தாழ்வான கொண்டை, தொங்கும் ஒற்றைப் பின்னல். கொண்டையை இப்படிப் போடலாம். முதல் நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். விழா அன்று காலையில் அலசிய முடி வழுவழுவென்று இருக்கும், பின் நிற்காது. எண்ணெயும் வேண்டாம், அதுவும் வழுக்கும், வாடகைத் தொப்பியின் உள்துணியில் கறையும் படியும். வகிடு எடுத்தபின், ஒவ்வொரு காதுக்கும் மேலே தொப்பிக் கோட்டின் உட்புறமாக ஒரு விரல் அகல முடி பிரித்து, தலையோடு ஒட்டி மெல்லிய பின்னலாகப் பின்னிப் பின்பக்கம் கொண்டுபோங்கள். இது வெளியே தெரியாது. தொப்பியின் பின்னைக் குத்துவதற்குப் பிடிமானம் இதுதான். வெறும் முடியில் குத்திய ஹேர்பின் அரை மணி நேரத்தில் நழுவும், பின்னலில் குத்தியது அசையாது. மீதி முடியைக் காது மடலின் கீழ்நுனி உயரத்தில், பிடரியில் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, பின்னி, தட்டையாகச் சுருட்டுங்கள். உருண்டையாக வேண்டாம், அடை மாதிரி பரப்பி. ஐந்தாறு கொண்டை ஊசி போதும். ஊசியின் முனையை முதலில் வெளிப்பக்கம் பார்க்க வைத்துச் சுருளின் ஓரத்தில் கொஞ்சம் முடியைக் கவ்வி, அப்படியே திருப்பி நடுவை நோக்கிச் செருகினால் பூட்டுப் போட்டதுபோல் நிற்கும். நேராகக் குத்தினால் சுருளும் தலைமுடியும் ஒன்றோடொன்று பிடிக்காது. கடைசியாக ஒரு வலை.

ஹூட்டை மறந்துவிடாதீர்கள். அங்கியின் மேல் தோளிலிருந்து முதுகுப்பக்கம் தொங்கும் வண்ணத்துணி அது. பிடரிக்கு ரொம்பக் கீழே கொண்டை இறங்கினால் ஹூட்டின் விளிம்பு அதை உரசிக்கொண்டே இருக்கும். இடம், மேலே தொப்பிக் கோட்டுக்கும் கீழே கழுத்துப் பட்டைக்கும் நடுவே நான்கைந்து விரல்தான். அதனால்தான் தட்டைக் கொண்டை. ஒற்றைப் பின்னல் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு: பின்னலை ஹூட்டுக்கு மேலே எடுத்து முன்தோளில் போட்டுக்கொள்ளலாம். தொப்பியின் குஞ்சம் எந்தப் பக்கம் தொங்க வேண்டும், பட்டம் வாங்கியதும் பக்கம் மாற்ற வேண்டுமா என்று கல்லூரியில் கேட்டுவிட்டு, மேடையேறும்போது குஞ்சம் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பின்னல் வரட்டும். ஒரே பக்கம் இரண்டும் தொங்கினால் புகைப்படத்தில் முகத்தின் பாதி காணாமல் போகும்.

பூ வைக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் அரை முழம். நெருக்கமாகக் கட்டிய மல்லியை ஈரம் உதறிவிட்டு, கொண்டையின் கீழ்ப்பாதியைச் சுற்றி அரைவட்டமாகவோ பின்னலின் தொடக்கத்திலோ வையுங்கள். கொண்டையைச் சுற்றி முழு வட்டம் வைத்தால் மேல்பாதிப் பூ எலாஸ்டிக்கில் நசுங்கும். இரண்டு முழம் பூவின் கனம் கொண்டையையே கீழே இழுக்கும். பூச்சரத்தின் நுனியைத் தொப்பியோடு சேர்த்துக் குத்திவிடாதீர்கள்: தொப்பியைக் கழற்றும்போது பூவும் கொண்டையும் சேர்ந்து வரும்.

பட்டுப்புடவை கட்டுகிறவர்கள் நகையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மாட்டலின் கொக்கி வழக்கமாகக் காதுக்கு மேலே முடியில் மாட்டும் இடமும் தொப்பியின் விளிம்பு அழுத்தும் இடமும் ஒன்றேதான். மூன்று மணி நேரம் அங்கே உலோகம் அழுந்தினால் தலைவலி நிச்சயம். கனமான ஜிமிக்கியாக இருந்து மாட்டல் தேவைப்பட்டால் கொக்கியைக் காதுக்குப் பின்னால், கோட்டுக்குக் கீழே இறக்கி மாட்டுங்கள். நெற்றிச்சுட்டி வேண்டவே வேண்டாம்.

முடியை விரித்துவிட ஆசை இருந்தால் அதற்கும் வழி உண்டு, ஆனால் விலையும் உண்டு. நேராக்கிய முடியோ சுருள் விட்ட முடியோ தொப்பியைக் கழற்றியதும் தலையைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதற்குப்பின் குடும்பத்தோடு எடுக்கும் படங்களில் அது நன்றாகவே தெரியும். சுருளைக் காதுக்குக் கீழிருந்து தொடங்குங்கள்; மேல்முடியைச் சுருட்டுவது வீண்வேலை. தொப்பிக்கு வெளியே வரும் முன்முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிப் பக்கத்துக்கு ஒரு பின் குத்திவிட்டால் பலகையின் நிழலோடு முடியின் நிழலும் சேர்ந்து கண்ணை மறைக்காது. சென்னை மாதிரி வியர்க்கும் ஊரில், பாலியெஸ்டர் அங்கிக்குள், விரித்த முடி பிடரியில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நெற்றியில் ஃபிரிஞ்ச் வெட்டியிருப்பவர்கள் ஒன்று முழுதாக வெளியே விடுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் வாரித் தொப்பிக்குள் விட்டுவிடுங்கள். பாதி உள்ளே பாதி வெளியே என்றால் விளிம்பு அதை முள்முள்ளாகக் குத்திட்டு நிற்க வைக்கும். சுருட்டை முடியை வலிந்து நேராக்க வேண்டியதில்லை. உச்சியில் மட்டும் ஈரக்கையால் கொஞ்சம் ஜெல் தடவி, ரிப்பன் கட்டி இருபது நிமிடம் காயவிட்டால் படியும். கீழே சுருள் அப்படியே இருக்கட்டும். ஹிஜாப் அணிகிறவர்கள் வழுக்கும் துணியை விட்டுப் பருத்தியோ ஜெர்சியோ தேர்ந்தெடுத்து, மடிப்புகள் உச்சியில் சேராமல் கட்டி, தொப்பியை ஹிஜாப் துணியோடு மட்டும் பின் குத்த வேண்டும். ஆண்களுக்குச் சொல்ல அதிகமில்லை: நாலைந்து நாள் முன்பே முடி வெட்டிக்கொள்ளுங்கள், ஜெல்லை நெற்றியோரம் தடவாதீர்கள். வியர்வையோடு வழிந்து கண் எரியும்.

இனித் தொப்பியைப் பொருத்துவது. கண்ணாடி முன் நின்று முன்விளிம்பை முதலில் நெற்றியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தை இழுத்து இறக்குங்கள். பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் வாரிய முடியெல்லாம் நெற்றிக்கு வந்துவிடும். நான்கு கறுப்பு ஹேர்பின்: காதுகளுக்கு மேலே பக்கத்துக்கு ஒன்று, பின்னால் எலாஸ்டிக்கின் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. பின்னின் நெளிவுள்ள கால் தலையைப் பார்த்து இருக்க வேண்டும், பலரும் திருப்பித்தான் போடுகிறார்கள். தொப்பியின் உள்பட்டையையும் ஏற்கெனவே பின்னி வைத்த மெல்லிய பின்னலையும் சேர்த்துக் கவ்வுங்கள். வாடகைத் தொப்பியில் தையல் போடுவதோ ஊக்கு குத்துவதோ வேண்டாம். ஓட்டை விழுந்தால் டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

பிறகு சோதனை. பத்து முறை வேகமாகத் தலையாட்டுங்கள். இரண்டு பக்கமும் திரும்புங்கள். பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவதுபோல் முழுசாகக் குனிந்து எழுங்கள், ஏனென்றால் விழா முடிந்ததும் அதைத்தான் செய்யப்போகிறீர்கள். பலகை பின்னால் சாய்ந்தால் கொண்டை மேலே இருக்கிறது. முன்னால் சரிந்தால் பின்பக்க இரண்டு பின்னும் பிடிக்கவில்லை. சுற்றினால் தொப்பி பெரிது. உள்பட்டைக்குள் பின்பக்கமாக ஒரு கைக்குட்டையை நீளவாக்கில் மடித்து வையுங்கள்.

தொப்பியை மேலே வீசிப் படம் எடுப்பார்கள். அதற்கு முன் நான்கு பின்னையும் எண்ணி எடுத்துவிடுங்கள். ஒன்றை மறந்தாலும் கையோடு முடியும் வரும், வீசிய தொப்பியிலிருந்து பின் யார் தலையிலாவது விழும். கைப்பையில் ஒரு சிறு சீப்பு, ஆறு பின், ஒரு ரப்பர் பேண்ட் இருக்கட்டும். அங்கிக்குப் பெரும்பாலும் பாக்கெட் கிடையாது, கைப்பை அம்மாவிடம் இருந்தால் நல்லது.