பாத்ரூம் மூலைக்கு டைல்ஸ்லயே கார்னர் ஷெல்ஃப்

ஷாம்பு, சோப்பு வைக்க பிளாஸ்டிக் ஸ்டாண்ட் வாங்காதீங்க, மிச்சம் கிடக்குற 1 அடி தரை டைல்ஸ குறுக்க வெட்டினா ரெண்டு முக்கோணம் கிடைக்கும், அந்த ரெண்டையும் முதுகோட முதுகு வச்சு எபாக்சி (ரெண்டு பொருள கலந்து போடுற கெட்டி பசை) போட்டு ஒட்டிட்டா மேலயும் கீழயும் பளபளப்பு வந்துரும். முன்பக்க விளிம்ப கண்டிப்பா தேய்ச்சு மழுங்க வைங்க, சோப்பு கையோட தடவும்போது கிழிச்சிரும்.

சுவர் டைல்ஸ் ஒட்டும்போதே வச்சுட்டா ரொம்ப நல்லது. ஏற்கனவே ஒட்டின சுவர்னா, உள்ள பைப்பு, வயர் எங்க போகுதுன்னு பாத்துட்டு, டைல்ஸ் வெட்டுற கிரைண்டர்ல ரெண்டு சுவர்லயும் அரை இஞ்ச் ஆழத்துக்கு காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டுங்க (கண்ணுக்கு கண்ணாடி, மாஸ்க் இல்லாம தொடாதீங்க), தூசிய சுத்தமா தொடச்சு எபாக்சிய நிறைய அடைச்சு ஷெல்ஃப சொருகுங்க, ஏன்னா அங்க இடைவெளி இருந்தா தண்ணி சுவருக்குள்ள இறங்கிரும்.

முக்கியமானது வாட்டம். முன்பக்கம் லேசா தாழ்ந்து இருக்கணும், இல்லன்னா தண்ணி தேங்கி பாசி பிடிக்கும். அடியில குச்சி முட்டு கொடுத்து 24 மணி நேரம் விடுங்க, அப்புறம் ஓரத்துல தண்ணி இறங்காம சிலிகான் பசை அடைச்சிருங்க.