காவாவைத் தேர்ந்தெடுப்பதும் அருந்துவதும்: தீவு மரபையும் ஆய்வறிக்கையையும் சேர்த்துப் பார்க்கும் முறை

மிளகும் வெற்றிலையும் சேர்ந்த பைப்பர் என்னும் பேரினத்திலேயே காவாச் செடியும் அடங்கும். வனுவாட்டு, பிஜி, தொங்கா, சமோவா தீவுகளில் அதன் வேரை இடித்து நீரில் பிசைந்து பிழிந்து அருந்துகிறார்கள். பிஜியில் யங்கோனா எனப்படும் இப்பானம், 1903 முதல் சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடையேயும் பரவியிருக்கிறது. இதை வாங்க விரும்புபவர் முதலில் தமது நாட்டின் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; எல்லா நாடுகளிலும் விதி ஒன்றாக இல்லை.

அடுத்துக் கேட்க வேண்டியது வகையின் பெயர். காவா விதையால் பெருகுவதில்லை. தண்டுத் துண்டுகளை நட்டுத்தான் வளர்க்க முடியும். ஆகவே பெந்தகோஸ்த் தீவின் போரோகு, அம்பே தீவின் மெலொமெலோ போன்ற ஒவ்வொரு வகையும், பல தலைமுறை உழவர்கள் குடித்துப் பார்த்து, பிடித்ததை மட்டும் மீண்டும் நட்டுக் காப்பாற்றிய ஒன்று. அன்றாடம் குடிக்கத் தக்கவற்றை உயர்வகை என்றும், மயக்கமும் குமட்டலும் மறுநாளும் விடாமல் தொடரும் வகைகளை ‘டூடே’, அதாவது இரண்டு நாள் காவா என்றும் வனுவாட்டு மக்கள் பிரித்தார்கள். அந்நாட்டின் 2002ஆம் ஆண்டுக் காவாச் சட்டம் இந்தப் பாகுபாட்டைத்தான் எழுத்தில் வடித்தது. வகையின் பெயரையோ விளைந்த தீவையோ சொல்ல இயலாத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஆனால் பொடியாக்கிய பிறகு எந்த வேரும் ஒன்றுபோலவே தோன்றும். பெயர் உண்மைதானா என்பதைச் சொல்ல ஆய்வகம் வேண்டும். அதன் அறிக்கையில் பலரும் முதலில் தேடுவது, காவாவின் விளைவுக்குக் காரணமான காவாலாக்டோன்கள் என்னும் சேர்மங்களின் மொத்த விழுக்காடு. என் கருத்தில் அதைவிட முக்கியமானது, அவை எந்த வரிசையில் அமைந்திருக்கின்றன என்பது. ஆறு முதன்மைக் காவாலாக்டோன்களுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்து, மிகுதியாக உள்ளதிலிருந்து குறைவாக உள்ளது வரை அந்த எண்களை வரிசையாக எழுதுவது வழக்கம். 4 என்பது காவைன், 2 என்பது டைஹைட்ரோகாவைன், 5 என்பது டைஹைட்ரோமெத்திஸ்டிசின். உயர்வகைகளின் குறியீடு பெரும்பாலும் 42 அல்லது 24 என்றும், டூடே வகைகளின் குறியீடு 25 அல்லது 52 என்றும் தொடங்கும். மொத்த விழுக்காடு எவ்வளவு உயர்ந்திருந்தாலும், 52 என்று தொடங்கும் காவாவை உயர்வகை என்று ஏற்க வேண்டியதில்லை. ஃபிளேவோகாவைன் பி என்னும் சேர்மமும் டூடேயில் கூடுதலாக இருக்கும். பொடியை அசிட்டோனில் குலுக்கினால் உயர்வகையின் கரைசல் மஞ்சளாகவும் டூடேயின் கரைசல் ஆரஞ்சு நிறமாகவும் தெரிவது இதனால்தான்.

அறிக்கைக்கும் எல்லை உண்டு. அது ஒரு தொகுதிச் சரக்கைப் பற்றியதே என்பதால், நீங்கள் வாங்கும் பொட்டலத்தின் தொகுதி எண்ணும் அறிக்கையிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். செடியின் எந்தப் பகுதி என்பதையும் கேளுங்கள். பிஜியில் பக்க வேரை வாக்கா என்றும், அடிக்கிழங்கை லெவெனா என்றும் தனித்தனியே விற்பார்கள். வாக்கா வீரியம் மிக்கது. இலையையும் தண்டின் தோலையும் மரபு பானத்தில் சேர்ப்பதில்லை. நச்சுத்தன்மை உடையதாகக் கருதப்படும் பைப்பர்மெத்திஸ்டின் என்னும் அல்கலாய்டு அந்தப் பகுதிகளில்தான் இருப்பதாக வேதியியல் பிற்காலத்தில் கண்டது.

கல்லீரல் பாதிப்புச் செய்திகளால் ஜெர்மனி 2002இல் காவா மருந்துகளைத் தடைசெய்தது. 2014இல் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அந்த மருந்துகள் பெரும்பாலும் ஆல்கஹாலிலோ அசிட்டோனிலோ வடித்த சாறுகளைக் கொண்ட மாத்திரைகள். அதற்காக, நீரில் பிழிந்த பானத்தில் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தவிர்க்க வேண்டும். தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மதுவுடன் சேர்த்து அருந்தவே கூடாது.

தயாரிக்கும்போது மரபின் வழியையே பின்பற்றுங்கள். நான்கு மேசைக்கரண்டிப் பொடியை மெல்லிய துணிப்பையில் இட்டு, அரை லிட்டர் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்திப் பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து பிழிய வேண்டும். காவாலாக்டோன்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. பிசையும் அழுத்தத்தால் வேரின் பிசின் நுண்துகள்களாகப் பிரிந்து நீரில் மிதப்பதால்தான் பானம் சேற்று நிறம் பெறுகிறது. கைவேலையைக் குறைத்தால் வீரியமும் குறைந்துவிடும். கொதிநீர் ஊற்றினால் வேரின் மாவுச்சத்து கஞ்சிபோல் தடித்துப்போகும்.

வனுவாட்டில் காவா அருந்தக் கூடும் இடங்களான நக்கமால்களில் அந்தி சாயும் நேரத்தில், இரவு உணவுக்கு முன், மங்கிய வெளிச்சத்தில் தாழ்ந்த குரலில் பேசியபடி அருந்துவார்கள். வெறும் வயிற்றில் காவா விரைவாக வேலை செய்யும் என்பதால் இவ்வழக்கம் உடலுக்கும் பொருந்துகிறது. பிஜியில் தானோவா என்னும் மரக்கிண்ணத்திலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு தருவதை, ஒரு முறை கைதட்டி, ‘பூலா’ என்று சொல்லி, ஒரே மூச்சில் குடித்து, பின் மூன்று முறை கைதட்டுவார்கள். நாக்கு மரத்துப்போவது காவைனின் இயல்பான அறிகுறியே. முதல் சிரட்டைக்குப் பின் இருபது நிமிடமாவது பொறுத்து, உடல் எப்படி ஏற்கிறது என்று பார்த்த பிறகே அடுத்ததைக் கேளுங்கள். அன்றிரவு வண்டி ஓட்டாதீர்கள்.

நாள்தோறும் மிகுதியாக அருந்துவோருக்குத் தோல் வறண்டு செதில் செதிலாக உரியும். பிஜியில் இதைக் கனிகனி என்பார்கள். அது தென்பட்டால் குடிப்பதை நிறுத்துங்கள். சில வாரங்களில் தோல் பழைய நிலைக்குத் திரும்பும். கண் மஞ்சளாவதோ சிறுநீர் கறுத்துப்போவதோ தெரிந்தால் அன்றே நிறுத்தி, மீதமுள்ள பொட்டலத்தையும் அதன் ஆய்வறிக்கையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.